ஃபோர்மியூலா 1 ஹைபிரிட் டர்போ எஞ்சின்: மலையக வாசகர் கேட்டவையும் பதில்களும்

கேள்வி (நுவரெலியா, கராஜ் வைத்திருப்பவர்): பழைய கார்புரேட்டர் வண்டிகள் இங்கே ஏறி வந்ததும் இழுவை குறைந்து திணறுகின்றன. உயரத்தில் உள்ள மெக்சிகோ சிட்டியில் ஓடும் ஃபோர்மியூலா 1 கார்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டா?

பதில்: உண்டு, ஆனால் அது வேறு இடத்தில் தலைகாட்டும். நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலும் மெக்சிகோ சிட்டி ஓடுபாதை ஏறத்தாழ 2,240 மீற்றர் உயரத்திலும் உள்ளன. அந்த உயரத்தில் காற்றமுக்கம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவாக இருப்பதால், டர்போ இல்லாத எஞ்சின் ஏறத்தாழ அதே அளவு வலுவை இழந்துவிடும். டர்போ எஞ்சினோ, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கொம்பிரசரை இன்னும் வேகமாகச் சுழற்றி அந்தக் குறையைப் பெருமளவு ஈடுசெய்துகொள்ளும். ஆனால் மெல்லிய காற்று ரேடியேட்டரையும் பிரேக்கையும் சரிவரக் குளிர்விக்காது என்பதால், அங்கே பொறியியலாளர்களின் தலைவலி வலுவைவிடச் சூட்டைப் பற்றியதாகவே இருக்கும்.

கேள்வி (ஹட்டன், உயர்தரப் பௌதிகவியல் மாணவி): இந்த எஞ்சின்களின் வெப்ப வினைத்திறன் 50 வீதத்தைத் தாண்டியது எப்படி, சேர்?

பதில்: கணக்கிலிருந்து தொடங்குவோம், மகள். 2014இல் 1.6 லீற்றர் வி6 (வி வடிவில் ஆறு சிலிண்டர்) டர்போ எஞ்சினைக் கொண்டுவந்த விதி, மணிக்கு 100 கிலோகிராமுக்கு மேல் எரிபொருள் பாயக்கூடாது என்றது. ஒரு கிலோ பெற்றோலில் ஏறத்தாழ 43 மெகாஜூல் சக்தி என்று கொண்டால், உள்ளே போகும் வலு சுமார் 1,200 கிலோவாற்று. அதற்கு மேல் ஊற்ற வழியில்லை என்றான பின், வீணாகப் போவதைப் பிடிப்பதுதான் ஒரே வழி. 2017இல் மெர்சிடிஸ் தனது பிரிக்ஸ்வேர்த் தொழிற்சாலையின் பரிசோதனை மேடையில் பாதியைத் தாண்டியது. அதாவது, உள்ளே போனதில் 600 கிலோவாற்று, ஏறக்குறைய 800 குதிரைவலு, பயனுள்ள வேலையாக வெளியே வந்தது.

இதில் பெரும் பங்கு 2025 வரை இருந்த எம்ஜியு-எச் என்ற மின்பிறப்பாக்கிக்கு உரியது. டர்போவின் தண்டோடு பிணைந்து, நிமிடத்துக்கு 125,000 சுற்றுவரை சுழலக்கூடிய இது, வெளியேறும் சூடான வாயுவில் மிஞ்சும் சக்தியை மின்னாக்கும். சாரதி வளைவில் அக்ஸிலேட்டரை விட்டு மீண்டும் மிதிக்கும்போது, இதுவே மோட்டாராக மாறி, வாயு வந்து சேரும்வரை காத்திராமல் கொம்பிரசரைச் சுழற்றிவிடும். டர்போவின் பழைய நோயான தாமதம் அப்படித்தான் மறைந்தது. சக்கரங்களை இயக்கும் மின்மோட்டாரான எம்ஜியு-கே, பட்டரியிலிருந்து ஒரு சுற்றுக்கு 4 மெகாஜூல்தான் பெறலாம் என்று விதி இருந்தபோதும், எம்ஜியு-எச் நேரடியாக அதற்கு அனுப்பும் மின்னுக்கு எல்லை இருக்கவில்லை. சட்டப் புத்தகத்தின் இந்த இடைவெளியை நன்றாகப் பயன்படுத்தியவர்களே வென்றார்கள் என்பது என் கருத்து.

மெர்சிடிஸ் செய்த இன்னொரு வேலை, கொம்பிரசரை எஞ்சினுக்கு முன்னாலும், வெளியேறும் வாயுவால் சுழலும் டர்பைனைப் பின்னாலும் வைத்து, இரண்டையும் இணைக்கும் நீண்ட தண்டை வி வடிவின் நடுவே கொண்டுபோனது. சூடான பக்கம் குளிர்ந்த பக்கத்தை வாட்டாததால், அழுத்திய காற்றைக் குளிர்விக்கச் சிறிய இன்டர்கூலரே போதுமானதாயிற்று.

கேள்வி (தலவாக்கலை): என் ஹைபிரிட் காரும் இறக்கத்தில் பட்டரியை நிரப்பிக்கொள்கிறதே, இரண்டும் ஒன்றா?

பதில்: பிரேக் பிடிக்கும்போது சக்தியை மீட்கும் அந்த ஒரு பகுதி மட்டும் ஒன்றுதான். ஃபோர்மியூலா 1க்கு 2009இல் 60 கிலோவாற்றாக வந்த அது 2014இல் 120 ஆயிற்று. ஆனால் கினிகத்தேனை ஏற்றத்தில் உங்கள் சைலன்சர் வழியே போகும் வெப்பம் போனதுதான்.

கேள்வி (பதுளை): ஹொண்டா 2015இல் ஏன் அவ்வளவு தடுமாறியது?

பதில்: ஹொண்டா எஞ்சின் பூட்டிய மக்லாரன் காரின் பின்பகுதியை ஒடுக்கமாக்குவதற்காகக் கொம்பிரசரை வி வடிவுக்குள் திணித்தார்கள். சிறுத்துப்போன டர்போவால் போதிய சக்தியை மீட்க முடியாமல், நீண்ட நேர்பாதைகளில் மின்வலு பாதியிலேயே தீர்ந்தது. 2017இல் மெர்சிடிஸ் போன்ற அமைப்புக்கு மாறியபோது நீண்ட தண்டு தொல்லை கொடுத்தது, அதைத் தீர்க்க ஹொண்டாவின் விமான எஞ்சின் பொறியியலாளர்கள் உதவினார்கள். 2019இல் ஓஸ்திரியாவில் ரெட் புல் அணியின் சாரதி வெர்ஸ்டப்பன் வென்றதுதான் 2015 மீள்வருகைக்குப் பின் ஹொண்டாவின் முதல் வெற்றி.

கேள்வி (பண்டாரவளை): அப்படியானால் 2026 விதியில் எம்ஜியு-எச்சை ஏன் நீக்கினார்கள்?

பதில்: செலவும் சிக்கலும் அதிகம், சாதாரணக் கார்களுக்கு அது பெரிதாக இறங்கி வரவும் இல்லை. புதிய நிறுவனங்கள் அதைப் பார்த்தே தயங்கின. நியாயம் புரிந்தாலும், மிக நேர்த்தியான பாகத்தைக் கழற்றிவிட்டார்களே என்ற மனக்குறை எனக்கு உண்டு. பதிலாக எம்ஜியு-கே 350 கிலோவாற்றாக உயர்ந்து, மொத்த வலுவில் பாதியளவு மின்சாரமாகிறது. வெளியேறும் வாயுவிலிருந்து மின் வராததால், அந்தப் பட்டரியை முக்கியமாக பிரேக்கிலும், தேவைப்பட்டால் எஞ்சினின் வலுவைச் சற்றுத் திருப்பியும்தான் நிரப்ப வேண்டும்.