கால்டிகாட் யார் சம்பளத்தில் வாழ்ந்தார்?

கேள்வி: எனக்கு 26 வயது. வங்கியில் கிளார்க். புத்தகங்களுக்குப் படம் வரைய ஆசை. இங்கிலாந்தின் புத்தக ஓவியர் ராண்டால்ஃப் கால்டிகாட்டும் இதே வயதில்தான் வங்கி வேலையை உதறினார். தங்கை வேலைக்குப் போவதால் வீட்டுச் செலவுக்குக் கவலையில்லை. அப்பாதான் தடுக்கிறார். ராஜினாமா செய்யலாமா?

பதில்: தம்பி, தங்கையைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டீர்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது. அவளிடம் கேட்டீர்களா? அவள் படிப்புக்கோ கல்யாணத்துக்கோ சேர வேண்டிய பணம் அது. அண்ணன் வீட்டில் உட்கார்ந்து வரைய, தங்கை பஸ் பிடித்து ஓடிச் சம்பாதிப்பதா? அப்பா தடுப்பதில் நியாயம் இருக்கிறது.

கால்டிகாட்டைச் சாட்சிக்கு அழைத்தீர்கள். அவர் கணக்கையும் பாருங்கள். 1861-ல், 15 வயதில் விட்சர்ச் ஊர் வங்கியில் சேர்ந்தார். பிறகு மான்செஸ்டருக்கு மாறி, பகலில் வங்கி, மாலையில் ஓவியப் பள்ளி. 1870-ல் படங்களோடு லண்டன் போய் ஓவியர் தாமஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கைப் பார்த்தார். 1871-லேயே ‘லண்டன் சொசைட்டி’ பத்திரிகையில் அவர் படங்கள் வந்தன. வேலையை விட்டது அதற்கும் அடுத்த வருஷம். அப்போது ஒரு வருஷம் சமாளிக்கும் பணம் கையில் இருந்ததென்று அவரே சொல்லியிருக்கிறார். அவருடைய பணம், தம்பி!

அப்படியும் 1875 இறுதியில்தான் பெயர் கிடைத்தது. அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங்கின் கிறிஸ்துமஸ் கட்டுரைகளுக்கு அவர் வரைந்தவை நூறு படங்களுக்கு மேல். 1878-ல் அச்சுக்காரர் எட்மண்ட் எவன்ஸோடு சிறுவர் படப் புத்தகங்கள் தொடங்கினார். கோட்டுப்படத்தை மரக்கட்டையில் செதுக்கி எவன்ஸ் அச்செடுத்துத் தருவார். அந்தத் தாளில் கால்டிகாட் வண்ணம் தீட்டுவார். அதைப் பார்த்து ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக்கட்டை. செதுக்கும் செலவு எவன்ஸுடையது; கால்டிகாட்டுக்கு விற்ற பிரதிக்கு மட்டும் ராயல்டி. விற்காவிட்டால் காசில்லை. ஒரு ஷில்லிங் விலையில் வருஷத்துக்கு இரண்டு புத்தகம், கிறிஸ்துமஸ் விற்பனைக்குத் தவறாமல், 1885 வரை. சின்ன வயதிலிருந்தே உடம்பு சரியில்லாதவர், 39 வயதில் காலமானார். இருந்த வரை கெடு தவறாமல் உழைத்த மனிதரை உங்கள் அவசரத்துக்குத் துணைக்கு இழுக்காதீர்கள்.

உங்கள் படங்கள் எந்த ஆசிரியரின் மேஜைக்குப் போயின? கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. வேலையில் இருந்துகொண்டே மாதம் ஒரு சிறுகதைக்குப் படம் வரைந்து பத்திரிகைகளுக்கும் பதிப்பகங்களுக்கும் அனுப்புங்கள். திரும்பி வந்தால் காரணம் கேளுங்கள். சன்மானம் கொடுத்து, அடுத்த படத்தையும் அவர்களே கேட்க வேண்டும். அதுவரை ராஜினாமா பேச்சு வேண்டாம். ஒரு வருஷச் செலவை, வீட்டுக்குத் தர வேண்டிய பங்கையும் சேர்த்து, உங்கள் சம்பளத்திலிருந்தே ஒதுக்குங்கள். அந்தப் பாஸ்புக்கோடு போய் அப்பா முன்னால் உட்காருங்கள். தங்கையிடம் மட்டும் இன்றைக்கே பேசிவிடுங்கள்.