ஏர்பிரஷுக்கு எந்தப் பெயிண்ட்?

கேள்வி: 0.3 மி.மீ. ஊசி உள்ள ஏர்பிரஷும் (காற்றழுத்தத்தால் பெயிண்டைத் தூவும் பேனா போன்ற கருவி) ஒரு சின்ன கம்ப்ரசரும் வாங்கியிருக்கிறேன். வீட்டில் இருக்கும் பழைய களிமண் கொலு பொம்மைகளுக்கு மறுபடி வண்ணம் அடிக்க ஆசை. கைவேலைப் பொருள் கடையில் வாங்கிய அக்ரிலிக்கில் தண்ணீர் கலந்து அடித்தால் இரண்டே நிமிடத்தில் அடைத்துக்கொள்கிறது. எனாமல், லேக்கர், பி.யு. (பாலியூரிதேன்) என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை வாங்குவது? மகனுடைய பைக் டேங்கில் ஒரு மயில் வரையவும், கேக்குக்கு நிறம் அடிக்கவும் இதே ஏர்பிரஷ் போதுமா?

பதில்: அடுத்த முறை அடைக்கும்போது ஊசியின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கடுகில் கால்வாசி அளவுக்கு ஒரு பெயிண்ட் மணி காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அக்ரிலிக் என்பது தண்ணீரில் மிதக்கும் பிளாஸ்டிக் துகள்களும் நிறமும்தான். காற்று வேகமாக அடிக்கும் இடத்தில் தண்ணீர் சட்டென்று ஆவியாகிவிட, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் தோலாகிவிடுகின்றன. அந்தத் தோல் மறுபடி தண்ணீரில் கரையாது. நம் ஊர் வெயிலில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

தண்ணீரை இன்னும் ஊற்றினால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. பிடிப்புத் தரும் பசை நீர்த்துப்போய், பெயிண்ட் பொம்மை மேல் நிற்காமல் சிலந்திக்கால் போல ஓடும். ஏர்பிரஷ் அக்ரிலிக்குக்கென்றே தின்னர் விற்கிறார்கள்; காய்வதைத் தாமதப்படுத்தும் பொருளும் அதில் உண்டு. அதைக் கலந்து பால் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். கிண்ணத்தின் உள்சுவரில் பிரஷால் ஒரு துளி இழுத்தால், பால் டம்ளரில் வழிவதுபோல மெல்லிய படலம் விட்டு இறங்க வேண்டும். அப்புறம் பழைய நைலான் காலுறையில் வடிகட்டுங்கள். கைவேலை அக்ரிலிக்கில் நிறத்துகள் கொஞ்சம் பருமனாக இருக்கும், 0.3 ஊசிக்கு ஏர்பிரஷுக்கென்றே வரும் பெயிண்ட்தான் நிம்மதி. கம்ப்ரசரின் காற்றழுத்தத்தை 20 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) அளவில் வைத்துத் தொடங்கலாம். முனையில் மணி கட்டினால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த மென்மையான பிரஷால் துடைத்துவிடுங்கள்.

எந்தப் பெயிண்டையும் வாங்கும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள்: எதில் கரைகிறது, எப்படிக் காய்கிறது. கம்பெனிப் பெயர் எல்லாம் அதற்குப் பிறகு.

எனாமல் கரைவது டர்பன்டைனில். காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு இறுகுவதால் கெட்டிப்பட ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதுவரை தூசி வந்து உட்காரும். ஆனால் முனையில் அவ்வளவாக அடைக்காது, பளபளப்பும் அழகு. லேக்கர் நேர் எதிர். தின்னர் பறந்ததும் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். காய்ந்த பிறகும் அதே தின்னர் பட்டால் மறுபடி கரையும். அந்தத் தின்னர் கடுமையானது, அடியிலுள்ள எனாமலையும் சுருக்கிவிடும். அதனால் எனாமல் மேல் லேக்கர் அடிக்கவே கூடாது. ஆரம்ப நாட்களில் எனாமல் பூசிய ஒரு பிள்ளையாருக்கு லேக்கர் கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) அடித்தேன். கண்ணெதிரே தும்பிக்கை முழுக்க ஆறிய பாலின் ஆடை போலச் சுருங்கிவிட்டது. மொத்தத்தையும் சுரண்டி எடுக்க இரண்டு நாள் ஆனது.

உங்கள் பொம்மைகளுக்கு நீர் அக்ரிலிக்கே போதும். வீட்டுக்குள் அடிக்கலாம், நெடி குறைவு. ஆனாலும் ஜன்னலைத் திறந்து வைத்து முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். தூவல் எதுவானாலும் நுரையீரலுக்கு ஆகாது. சுட்ட மண் பெயிண்டைக் குடிக்கும். அதனால் உதிரும் பழைய வண்ணத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு வெள்ளை பிரைமர் அடியுங்கள். ஏர்பிரஷ் வண்ணத்தில் மூடும் வகை, ஊடுருவித் தெரியும் வகை என்று இரண்டு உண்டு. புடவைக்கும் கிரீடத்துக்கும் முதல் வகை. அம்மன் கன்னத்தில் செம்மை ஏற்றவும் மடிப்புகளில் நிழல் விழவும் இரண்டாவது. வெள்ளையின் மேல் மெல்ல மெல்ல நான்கைந்து முறை தூவினால் முகத்துக்கு உயிர் வரும். பாட்டிலில் வரும் மைகளில் சாயம் கலந்தவை வெயிலில் வெளுத்துவிடும். நிறத்துகள் உள்ள அக்ரிலிக் மையாகப் பார்த்து எடுங்கள்.

பைக் டேங்க் வேறு கதை. அங்கே பெட்ரோல் சிந்தும். சாதாரண அக்ரிலிக், லேக்கர் இரண்டுமே அதற்குத் தாங்காது. ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்) கலக்கும் இரண்டு பாகப் பி.யு. கிளியர்தான் தாங்கும். அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அதன் தூவல் மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம். ஒரு முறை ஒவ்வாமை பிடித்தால் பிறகு துளியளவுகூடத் தாங்காது. துணி முகமூடி அதைத் தடுக்காது. தயவுசெய்து மொட்டை மாடியில்கூட முயல வேண்டாம். டேங்கை 800 நம்பர் வாட்டர் பேப்பரால் (நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) லேசாகத் தேய்த்து, ஏர்பிரஷ் அக்ரிலிக்கில் மயிலை நீங்கள் வரையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு, ஸ்பிரே பூத் உள்ள பட்டறையில் கொடுத்துக் கிளியர் கோட் போட்டுக்கொள்ளுங்கள். மகன் ஹெல்மெட்டிலும் வரையச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பெயிண்டிலுள்ள தின்னர் ஹெல்மெட்டின் பிளாஸ்டிக் மேலோட்டை உள்ளுக்குள் பலவீனமாக்கும், வெளியே ஒன்றும் தெரியாது.

கேக்குக்கு உணவுத் தரமான நிறம் மட்டும்தான். 'நச்சற்றது' என்று எழுதியிருக்கும் அக்ரிலிக் உணவாகிவிடாது. இந்த ஏர்பிரஷை எவ்வளவு கழுவினாலும் உள்ளே ரப்பர் வளையத்தின் இடுக்கில் பழைய பெயிண்ட் நிற்கும். கேக்குக்குத் தனியாக ஒன்று வாங்கி, சமையலறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.