கேசினோ ஒப்பந்தமும் சுற்றுச்சூழல் காகிதங்களும்: கேள்வி பதில்

அமெரிக்கப் பழங்குடிகளின் கேசினோக்களுக்குச் சுற்றுச்சூழல் அறிக்கை எழுதுவது என் வேலை. இருப்பது கலிஃபோர்னியாவில். கணக்காளர்கள், பொறியாளர்கள், சட்டம் படிப்பவர்கள் என்று பலர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். முதலில் ஒன்று: இந்தக் கேசினோ சட்டங்களின் ஆங்கிலப் பெயரில் வரும் 'இந்தியன்' நாம் இல்லை, அந்த மண்ணின் பூர்வகுடிகள். இந்த வேலை கிடைத்ததும் என் சித்தப்பா, "நம்ம ஆளுங்க அங்க கேசினோவே நடத்துறாங்களா?" என்று கேட்டார்.

கேள்வி: பழங்குடி தன் நிலத்தில் கேசினோ கட்டுகிறது. நடத்த ஒரு கம்பெனியை வைத்துக்கொள்கிறது. இதில் சுற்றுச்சூழல் அறிக்கை எங்கிருந்து வந்தது?

கையெழுத்திலிருந்து வந்தது. 1970 ஜனவரி 1 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் (எல்லோரும் 'நேபா' என்பார்கள்) கட்டுகிறவரைக் கட்டுப்படுத்துவதில்லை. மத்திய அரசு அலுவலகங்களைத்தான் கட்டுப்படுத்துகிறது. முக்கியமான ஒரு முடிவை எடுக்கும் முன், அதனால் மண்ணுக்கும் நீருக்கும் மனிதருக்கும் என்ன ஆகும் என்று எழுதிப் பார்த்துவிட்டு எடு என்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம், 1988-ன் பழங்குடிச் சூதாட்ட ஒழுங்குமுறைச் சட்டம். வெளியார் கேசினோவை நடத்துவதாக இருந்தால், அந்த மேலாண்மை ஒப்பந்தத்துக்குத் தேசியப் பழங்குடிச் சூதாட்ட ஆணையத்தின் தலைவர் ஒப்புதல் தர வேண்டும். அந்த ஒப்புதல் மத்திய அரசின் முடிவு. எனவே நேபா உள்ளே வந்துவிடுகிறது. இந்த ஒரு முடிச்சு புரிந்தால் மீதியெல்லாம் சுலபம்.

கேள்வி: அப்படியானால் பழங்குடியே நடத்திக்கொண்டால் எந்த அறிக்கையும் வேண்டாமா?

நிலம் ஏற்கெனவே அவர்களுக்காக மத்திய அரசின் அறக்கட்டளைப் பொறுப்பில் (உரிமை அரசின் பெயரில், பயன் அவர்களுக்கு) இருந்து, நிர்வாகமும் அவர்களுடையதே என்றால், ஆணையம் ஒப்புதல் தருவதற்கு மேலாண்மை ஒப்பந்தமே இல்லை. அந்த வழியாக நேபா வராது. புதிதாக நிலம் வாங்கி அறக்கட்டளையில் சேர்ப்பதென்றால் உள்துறையின் (அங்கே இது நிலங்களைப் பார்க்கும் துறை, போலீஸ் துறை அல்ல) கீழுள்ள பழங்குடி விவகாரப் பணியகம் கையெழுத்திட வேண்டும். அங்கே நேபா காத்திருக்கும்.

அதற்காகக் கேட்பாரில்லை என்று நினைக்க வேண்டாம். கட்டுமானமும் நடத்துவதும் சுற்றுச்சூழலையும் பொதுச் சுகாதாரத்தையும் காக்கும்படி இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு பழங்குடியும் தனக்கென இயற்றும் சூதாட்டச் சட்டத்திலும் எழுதியிருக்க வேண்டும். கழிவுநீரை ஓடையில் விட வேண்டுமானால் பெரும்பாலும் மத்தியச் சுற்றுச்சூழல் முகமையின் அனுமதி தேவை. கலிஃபோர்னியாவில் மாநிலத்தோடு செய்துகொள்ளும் உடன்படிக்கைகள் பல, தனியாக ஒரு சுற்றுச்சூழல் அறிக்கையும் மாவட்டத்தோடு பேச்சுவார்த்தையும் கேட்கின்றன.

கேள்வி: அந்தச் சூதாட்டச் சட்டத்துக்கும் ஆணையத் தலைவர்தானே ஒப்புதல் தருகிறார்? அதுவும் மத்திய அரசின் முடிவுதானே?

சட்ட மாணவர் கேட்டது, நல்ல கேள்வி. சான் டியேகோ பக்கம் ஹமூல் என்ற சின்னப் பழங்குடிக் கிராமம் இருக்கிறது. அங்கே கேசினோவை எதிர்த்த உள்ளூர்க்காரர்கள் இதே வாதத்தோடுதான் நீதிமன்றம் போனார்கள். 2016-ல் ஒன்பதாவது மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 1988 சட்டத்தின்படி, பழங்குடியின் சூதாட்டச் சட்டத்தின் மீது தலைவர் 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகவே ஆகிவிடும். 90 நாளில் முழு அறிக்கை எழுத முடியாது. நேபாவும் 1988 சட்டமும் ஒத்துப்போக வழியில்லாத இடத்தில் நேபா ஒதுங்கிக்கொள்ளும் என்றது தீர்ப்பு.

மேலாண்மை ஒப்பந்தத்தில் நிலைமை வேறு. அங்கே 180 நாள், தேவைப்பட்டால் இன்னும் 90 நாள். கெடு தாண்டினாலும் தானாக ஒப்புதல் ஆகாது. பழங்குடி வழக்குப் போட்டு முடிவு கேட்கலாம், அவ்வளவே.

கேள்வி: 180 நாள் என்கிறீர்கள். எங்கள் கம்பெனியில் வருடக்கணக்கு என்கிறார்களே?

அவர்கள் சொல்வதுதான் சரி. சொனோமா மாவட்டம் ரோனர்ட் பார்க்கில் இருக்கும் கிரேட்டன் கேசினோவைப் பாருங்கள். நடத்த வந்தது ஸ்டேஷன் கேசினோஸ். சுற்றுச்சூழல் ஆய்வுக்குத் தலைமை அலுவலகம் சூதாட்ட ஆணையமே. 2004-ல் ஆரம்பித்த ஆய்வின் முடிவு 2010-ல்தான் வந்தது. கதவு திறந்தது 2013 நவம்பரில். நடுவில், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவை ஒட்டிய ஈரநிலப் பக்கம் பார்த்திருந்த முதல் இடத்தையே கைவிட்டு ஊருக்கு அருகே வந்தார்கள். ஆகவே, கெடுவை நம்பிக் கடனுக்குத் தேதி குறிக்காதீர்கள்.

கேள்வி: என்னென்ன காகிதம் கொடுக்க வேண்டும்?

ஒப்பந்தம், பழங்குடித் தலைவருக்குக் கையெழுத்திடும் அதிகாரம் உண்டு என்பதற்கான ஆவணம், புதிய கேசினோ என்றால் மூன்று வருட வணிகத் திட்டம், முதலீட்டாளர்களின் பின்னணி விவரம். ஐந்து வருடத்துக்கு மேல் கேட்டால் (உச்சம் ஏழு), அல்லது நிகர வருவாயில் 30 சதவீதத்துக்கு மேல் கட்டணம் கேட்டால் (உச்சம் 40), ஏன் என்று தனி விளக்கம்.

சுற்றுச்சூழல் பக்கம் மூன்று படிகள். பாதிப்பு இருக்காது என்று முன்பே வகைப்படுத்தியதில் அடங்கினால் சின்னக் குறிப்பு போதும். அடங்காவிட்டால் ஈ.ஏ. என்ற மதிப்பீடு, பெரிய பாதிப்பு இல்லை என்று அதில் தெரிந்தால் அப்படியே அறிவித்து முடித்துவிடலாம். இருக்கிறது என்றால் ஈ.ஐ.எஸ். என்ற முழு அறிக்கை. இவற்றோடு, தொன்மைச் சின்னங்களுக்காக 1966-ன் வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம், அருகிவரும் உயிரினங்களுக்காக 1973-ன் சட்டம் ஆகியவற்றின்படி நடத்தும் கலந்தாலோசனைக் கடிதங்கள். கோப்பில் இந்தக் கடிதங்களைத்தான் நான் முதலில் தேடுவேன். அறிக்கை எவ்வளவு அழகாக இருந்தாலும் இவை இல்லாவிட்டால் வேலை நின்றுவிடும்.

கேள்வி: அறிக்கையை யார் எழுதுவது, செலவு யாருடையது?

பொதுவாகச் செலவு பழங்குடியுடையது அல்லது முதலீட்டாளருடையது. எழுதுவது எங்களைப் போன்ற ஆலோசகர்கள். ஆனால் சொந்தம் கொண்டாட வேண்டியது ஆணையம். வழக்கு வந்தால் கூண்டில் நிற்பது அவர்கள், அதனால் ஒவ்வொரு வரியையும் நோண்டுவார்கள். தேவையான தகவல் எல்லாவற்றையும் ஆணையத்துக்குத் தர வேண்டிய பொறுப்பை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும் என்பது விதி.

கேள்வி: 'ஆலோசனை ஒப்பந்தம்' என்று பெயர் வைத்துவிட்டால் இதெல்லாம் தப்பிக்கலாமா?

பெயரைப் பார்க்க மாட்டார்கள், பிடி யார் கையில் என்று பார்ப்பார்கள். விஸ்கான்சினில் லேக் ஆஃப் தி டார்ச்சஸ் கேசினோவின் பெயரில் 2008-ல் 5 கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிட்டார்கள். அது வெறும் கடன் ஆவணம். ஆனால் கேசினோவின் அன்றாட நிர்வாகத்தில் கடன்கொடுத்தவர் தரப்பு கைவைக்க இடம் தரும் விதிகள் அதில் இருந்தன. ஒப்புதல் பெறாத மேலாண்மை ஒப்பந்தம் இது என்று சொல்லி, 2011-ல் ஏழாவது மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆவணம் முழுவதையும் செல்லாததாக்கியது. சந்தேகம் இருந்தால் கையெழுத்துக்கு முன்பே ஆணையத்தின் சட்டப்பிரிவுக்கு அனுப்பி, 'இது மேலாண்மை ஒப்பந்தம் இல்லை' என்று கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இப்போது நேபாவே மாறிவிட்டதாமே?

ஆமாம். 2023-ல் செய்த திருத்தத்தின்படி உச்ச வரம்பு: ஈ.ஏ. 75 பக்கம், ஒரு வருடம், ஈ.ஐ.எஸ். 150 பக்கம் (மிகச் சிக்கலானது என்றால் 300), இரண்டு வருடம். 2025-ல் வெள்ளை மாளிகையின் சுற்றுச்சூழல் கவுன்சில் தன் பொது விதிகளை விலக்கிக்கொண்டது. அதே வருடம் மே மாதம், இந்த ஆய்வுகளில் அலுவலகங்களின் தீர்மானத்தை நீதிமன்றங்கள் மதிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் சொன்னது. பக்கம் குறைந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பின்னிணைப்புகள் அந்தப் பக்கக் கணக்கில் வராது. எல்லாம் இப்போது அங்கே போய்ச் சேர்கிறது.

கேள்வி: நான் போக்குவரத்துப் பொறியாளர். முதல் முறையாகக் கேசினோ அறிக்கையில் வேலை. எதைக் கவனிக்க வேண்டும்?

கிழமையைக் கவனியுங்கள். நான் முன்பு இருந்த ஒரு நிறுவனத்தில் வழக்கம்போலச் செவ்வாய்க்கிழமை காலையும் மாலையும் வண்டிகளை எண்ணினோம். அலுவலகக் கட்டடத்துக்கு அது சரி. கேசினோவுக்குக் கூட்டம் வருவது வெள்ளி, சனி இரவுகளில். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அந்தச் சாலையோரம் திராட்சை போடும் பெரியவர் ஒருவர் எழுந்து, "சனிக்கிழமை ராத்திரி வந்து நின்று பாருங்கள்" என்றார். எங்களிடம் பதில் இல்லை. திரும்ப எண்ணி, அத்தியாயத்தைத் திருத்தி எழுத நான்கு மாதம் போனது. அப்புறம், அறுவடைக் காலத்தில் ஒரு முறை எண்ணுங்கள். டிராக்டர்கள் இறங்கிவிட்டால் கிராமச் சாலையின் கணக்கே வேறு.