தன்னார்வப் பணிக்காக முதல்முறையாகத் தனியாகக் கம்போடியா போகிறேன். முதல் சில நாட்கள் எப்படி இருக்கும்?

முதல் நாள் உங்களுக்கு வேலையே இருக்காது. இரண்டாம் நாளும் இருக்காது. மூன்றாம் நாள் ராத்திரி ‘நான் எதுக்கு இங்கே வந்தேன்’ என்று தோன்றும். எனக்கு அப்படித்தான் இருந்தது. எனக்குப் பின்னால் வந்த இரண்டு பேருக்கும் அதே மூன்றாம் ராத்திரி வந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதனால்தான் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நான் போனது அங்கோர் வாட் கோயில் இருக்கும் சியம் ரீப் பக்கம், ஊருக்கு வெளியே ஒரு கிராமத்தில் நடக்கும் சின்ன ஆங்கில வகுப்பு மையத்துக்கு. ஆறு வாரம். மையத்தின் பெயர் வேண்டாம். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

சியம் ரீப்புக்கு 2023 அக்டோபரில் புது விமான நிலையம் திறந்தார்கள். ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்குக் குறையாது. நான் பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு, டுக்டுக்கில் (நம்மூர் ஆட்டோ மாதிரி) ஏறினால் கால் மணி நேரத்தில் ஊர் என்று நம்பிப் போய் இறங்கினேன். கூட்டிப்போக வருகிறேன் என்று சொன்னவரைக் காணோம். என்னிடம் உள்ளூர் சிம் இல்லை. ஒன்றரை மணி நேரம் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த பிறகு, நிலையத்தின் வைஃபையில் ஒருவழியாகச் செய்தி போய்ச் சேர்ந்தது. அவர்கள் என் வருகையை மறுநாள் என்று குறித்து வைத்திருக்கிறார்கள்! சரி, நீயே வண்டி பிடித்து வந்துவிடு என்றார்கள். டிரைவருக்கு நான் ஆங்கில எழுத்தில் வைத்திருந்த விலாசம் புரியவில்லை. அதனால் இரண்டு காரியம் செய்யுங்கள்: விலாசத்தை அந்த நாட்டு மொழியான கெமர் எழுத்தில் டைப் செய்து அனுப்பச் சொல்லிப் போனில் படமாக வைத்துக்கொள்ளுங்கள், சிம் கார்டை விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்குள் வாங்கிவிடுங்கள்.

பணம் கொஞ்சம் குழப்பும். அமெரிக்க டாலரும் கம்போடிய ரியலும் சேர்ந்தே புழங்குகின்றன, ஒரு டாலருக்குச் சுமார் 4000 ரியல். டாலர் சில்லறைக் காசு அங்கே புழங்காது, மீதியெல்லாம் ரியல் நோட்டாக வரும். இரண்டு நாளில் மனக்கணக்கு பழகிவிடும். ஆனால் டாலர் நோட்டின் ஓரம் துளி கிழிந்திருந்தால்கூட வாங்க மாட்டார்கள். என் 20 டாலர் நோட்டு ஒன்றை அடுத்தடுத்து மூன்று பேர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்கள். ‘இது செல்லாது’ என்று அவ்வளவு மரியாதையாக யாரும் என்னிடம் சொன்னதில்லை. விசாவில் டி (T) வகை சுற்றுலாவுக்கு, அதை ஒரே ஒரு முறை, ஒரு மாதம்தான் நீட்டிக்க முடியும். ஈ (E) வகை சாதாரண விசா, தொடர்ந்து நீட்டிக்கலாம். சம்பளம் இல்லாத வேலை என்றாலும், எந்த விசா, வேலை அனுமதி வேண்டுமா என்பதையெல்லாம் கிளம்பும் முன்பே மையத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ‘வந்து பார்த்துக்கலாம்’ என்று பதில் வந்தால் நான் வேறு இடம் தேடுவேன்.

இனி வேலைக்கு வருகிறேன். அங்கே அரசுப் பள்ளிகளில் பெரும்பாலும் இரண்டு ஷிப்ட். பிள்ளைகள் காலையில் ஒரு பாதி, மதியத்துக்குமேல் ஒரு பாதி எனப் பிரிந்து போவார்கள். மீதிப் பொழுதில்தான் இந்த மாதிரி மையங்களுக்கு வருவார்கள். இது தெரியாமல் நான் காலை ஏழரைக்கே பை நிறையப் படஅட்டைகளோடு போய் நின்றேன். முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த பெண் துடைப்பத்தைச் சாத்திவிட்டு எனக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். அவர்தான் ஆசிரியை. அன்றைக்கு முழுவதும் அந்த நாற்காலியில்தான் இருந்தேன். மறுநாளும் அதே நாற்காலி, வகுப்பின் கடைசி வரிசைக்குப் பின்னால்.

எரிச்சலாக இருந்தது. இவ்வளவு தூரம் வந்தது உட்காரவா? மூன்றாம் நாள் நானே போய், இன்று நான் எடுக்கட்டுமா என்று கேட்டேன். மறுக்கத் தெரியாதவர், சிரித்துக்கொண்டே சாக்பீஸைக் கொடுத்துவிட்டார். நிறங்கள், மிருகங்கள், பாட்டு, கைதட்டல் என்று அமர்க்களம் செய்தேன். நான் சொன்னதையெல்லாம் முப்பது பிள்ளைகளும் கூரை அதிரத் திருப்பிச் சொன்னார்கள். கடைசியில் ‘டூ யூ அண்டர்ஸ்டாண்ட்?’ என்று கேட்டேன். ‘டூ யூ அண்டர்ஸ்டாண்ட்!’ என்று முப்பது குரலும் சேர்ந்து கத்தின.

அதற்கும் நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். வகுப்பு முடிந்து பலகையைத் துடைக்கும்போது ஆசிரியை மெல்லச் சொன்னார்: போன மாதம் வந்தவரும் நிறங்கள்தான் எடுத்தார், அதற்கு முந்தின மாதம் வந்தவரும் நிறங்கள்தான். வாலண்டியர்கள் கட்டும் பணத்தில் மையம் நடக்கிறது, அதனால் ஆள் மாறிக்கொண்டே இருக்கும். வருகிற ஒவ்வொருவரும் முதல் பாடத்திலிருந்து தொடங்குவார்கள். பிள்ளைகளும் சிவப்பு, நீலம், பச்சை என்று புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டுக்கொள்வார்களாம். அவர் குறையாகச் சொல்லவில்லை, நடக்கிறதைச் சொன்னார். எனக்குத்தான் சாக்பீஸ் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அன்று ராத்திரி கொசுவலைக்குள் படுத்துக்கொண்டு அழுதேன். வீட்டுக்குப் போன் செய்து ‘சூப்பரா இருக்கு’ என்றேன். போனை வைத்த பிறகு இன்னும் கொஞ்சம் அழுதேன்.

நாலாம் நாள் காலையில் துடைப்பத்தை முதலில் நான் எடுத்துக்கொண்டேன். முற்றம் பெருக்கி முடித்ததும் அவரிடம், ‘உங்களுக்கு நான் என்ன செய்தால் உபயோகமாக இருக்கும்?’ என்று கேட்டேன். வந்த அன்றே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவர் யோசித்துவிட்டு இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, அவர் ஆங்கிலத்தில் பேசிப் பழக ஆள் வேண்டும். புத்தகம் படிக்க வரும், பேச நா எழாது. இன்னொன்று, பாடப் புத்தகத்தைச் சத்தமாக வாசித்துப் போனில் பதிந்து கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் என் படஅட்டைகள் தேவைப்படவில்லை. தினமும் வகுப்புக்கு முன் ஒரு மணி நேரம் படிக்கட்டில் உட்கார்ந்து பேசினோம். வகுப்பில் அவர் எடுப்பார். நான் பின்வரிசையில் தடுமாறும் நாலைந்து பிள்ளைகளோடு தரையில் உட்காருவேன். அப்புறம் ஒரு நோட்டுப் போட்டேன்: எந்த வகுப்பில் எதுவரை வந்திருக்கிறார்கள், யாருக்கு எது வரவில்லை என்று. அடுத்து வருகிறவர் நிறங்களில் தொடங்காமல் இருந்தால் போதும் என்பதுதான் அந்த நோட்டின் நோக்கம்.

வேலையில்லாத அந்த முதல் நாட்களில் மொழியைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பேன். யாரைப் பார்த்தாலும் முதலில் உங்கள் வயதைக் கேட்பார்கள், தப்பாக நினைக்காதீர்கள். வயது தெரியாமல் உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று அவர்களுக்குத் தெரியாது. மூத்தவர் என்றால் ‘பொங்’, இளையவர் என்றால் ‘ஓன்’. ஆசிரியையைவிட எனக்கு இரண்டு வயது கூட, அதனால் நான் பொங். பிள்ளைகளுக்கு நாங்கள் இருவருமே ‘நெக் க்ரு’, அதாவது டீச்சர். அந்த ‘க்ரு’ நம் குருவேதான்.

சுவரில் கெமர் எழுத்து அட்டை ஒன்று தொங்கியது. ஒரு சுட்டிப் பெண் குச்சியால் தொட்டுத் தொட்டு வாசித்துக் காட்டினாள். முதல் வரிசை க-வில் தொடங்கி ங-வில் முடிந்தது, அடுத்தது ச-வில் தொடங்கி ஞ-வில். நான் அதற்கடுத்த வரிசைகளைக் குத்துமதிப்பாகச் சொல்லிக்கொண்டே வர, அவள் குச்சியைக் கீழே போட்டுவிட்டு என்னையே பார்த்தாள். கெமர் எழுத்து பல்லவர் எழுத்திலிருந்து வந்தது என்று படித்திருந்தாலும், அந்த அட்டையின் முன்னால் நிற்கும்போதுதான் உறைத்தது. எண்களில் அவள் என்னைப் பழிவாங்கினாள். மோய், பி, பெய், புவன், ப்ராம் என்று ஐந்து வரை போகும். ஆறு என்பது ‘ப்ராம் மோய்’, அதாவது ஐந்தும் ஒன்றும். ஒன்பது வரை இப்படியே கூட்டிக்கொண்டு போக வேண்டும். நான் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் விரல்விட்டு எண்ணும்போதெல்லாம் வகுப்பே சிரிக்கும். ‘அண்டர்ஸ்டாண்ட்?’ என்று அவள் என்னைக் கேட்பாள்.

ஒன்றில் மட்டும் கறாராகச் சொல்கிறேன். நீங்கள் போகிற இடம் அனாதை இல்லம் என்றால், தயவுசெய்து டிக்கெட் போடும் முன் நிறுத்தி யோசியுங்கள். கம்போடியாவில் அப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள். வெளிநாட்டார் வரவும் பணமும் இருப்பதாலேயே பிள்ளைகளைச் சேர்க்கும் இல்லங்கள் உண்டு. உங்கள் பின்னணியைச் சரிபார்க்காமல், யார் என்ன என்று கேட்காமல், அடுத்த வாரமே குழந்தைகளோடு தங்கலாம் என்று ஒரு இடம் சொன்னால், அதே கதவு வேறு யாருக்கும் அப்படித்தான் திறக்கும். பிள்ளைகளோடு படம் எடுத்துப் போடுவதையும் விட்டுவிடுங்கள்.

தனியாகப் போவது பயமாக இல்லையா என்று கேட்பீர்கள். பகலில் இல்லை. வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும், குறுக்கே போகும்போது தலையை எந்தப் பக்கம் திருப்புவது என்று ஒரு வாரம் தடுமாறுவீர்கள், அவ்வளவுதான். ராத்திரியில் சுவரிலிருந்து யாரோ அடித்தொண்டையில் ‘தொக்... கே!’ என்று ஐந்தாறு முறை கூப்பிடுவார்கள். அது ஒரு பெரிய பல்லி, கையளவுக்கு மேல் இருக்கும், பெயரே ‘தொக்கே’தான். நீங்கள் பிடிக்கப் போகாதவரை உங்களை ஒன்றும் செய்யாது. ஆனால் வீட்டில் முன்பே சொல்லி வையுங்கள். நான் ‘சூப்பரா இருக்கு’ என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அது பின்னால் கத்திவிட்டது. அம்மா, ‘யாருடி அது ரூமுக்குள்ள?’ என்று கேட்டார். அதைச் சமாதானப்படுத்தவே எனக்கு அரை மணி நேரம் ஆனது.