கேளுங்கள், சொல்கிறேன்: தர்மானந்த கோசாம்பி

போன இதழில் வரலாற்றாசிரியர் டி. டி. கோசாம்பியைப் பற்றி எழுதும்போது, அவருடைய அப்பா புத்த பிக்குவாக இருந்தவர் என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அப்பாவைப் பற்றித்தான். சரி, இந்த முறை முழுக்க அப்பாவுக்கே.

பிக்கு எப்படிப் பேராசிரியர் ஆனார்? துறவைப் பாதியில் விடுவது தவறில்லையா? (கல்லூரி மாணவி, திருச்சி)

தர்மானந்தர் 1876இல் போர்த்துகீசியர் ஆண்ட கோவாவில் சாங்க்வால் என்ற ஊரில் பிறந்தவர். பள்ளிப்படிப்பு சொற்பம். தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, ஒரு மராத்திச் சிறுவர் பத்திரிகையில் வந்த புத்தர் கட்டுரை பைத்தியம் பிடிக்க வைத்துவிட்டது. 1899 கடைசியில் வீட்டை விட்டுக் கிளம்பினார். புனே, குவாலியர், காசி. காசியில் சத்திரச் சாப்பாட்டில் சமஸ்கிருதம். அப்புறம் நேபாளம் போய், அங்கே பௌத்தம் இருந்த நிலையைப் பார்த்து நொந்து, புத்தகயை வழியாகக் கொழும்புக்கு வந்து சேர்ந்தார். அங்கே வித்யோதய பிரிவேனா என்ற பௌத்தத் துறவிகளின் கல்விக்கூடத்தில், மூத்த பிக்கு ஹிக்கடுவே சுமங்கல தேரரிடம், பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலி படித்துத் துறவு ஏற்றார். பிறகு பர்மாவிலும் பிக்குவாக வாழ்ந்தார்.

1906இல் கல்கத்தாவில் காவியைக் கழற்றினார். இலங்கையிலும் பர்மாவிலும் உள்ள தேரவாதப் பௌத்த மரபில் இது குற்றமே இல்லை. விஷயம் புரிந்த ஒருவர் முன்னால் 'இனி நான் இல்லறத்தான்' என்று தெளிவாகச் சொல்லிவிட்டால் போதும், விலகலாம். விரும்பினால் மறுபடியும் துறவு ஏற்கலாம். நம் ஊரில் 'சாமியார் திரும்பி வந்துவிட்டார்' என்று சிரிப்பார்களே, அந்தப் பேச்சுக்கு அங்கே இடமில்லை. பிக்கு பணத்தைத் தொடக் கூடாது, நண்பகலுக்குப் பின் உண்ணக் கூடாது. இந்த விதிகளோடு ஊர் ஊராகப் போய்ப் பாலி கற்பிக்க முடியாது என்பதுதான் அவர் கணக்கு. நம்பிக்கை போய் விலகியவரல்லர். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. ஆனால் மராத்தி மக்களிடையே இருந்து எழுத பரோடா மன்னர் மாதம் 50 ரூபாய் தருவதாகச் சொன்னதும், அதைவிடப் பெரிய சம்பளத்தை விட்டுவிட்டு வந்தார். 1912 முதல் புனே ஃபெர்குசன் கல்லூரியில் பாலி வகுப்பு. பாலி அறிஞர் பி. வி. பாபட் அங்கே உருவான மாணவர்.

ஹார்வர்டில் அவருக்கு அநியாயம் நடந்ததாமே? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நாகர்கோவில்)

நடந்தது. பழங்காலப் பாலி உரையாசிரியர் புத்தகோசரின் 'விசுத்திமக்கம்' என்ற பௌத்த நூலைப் பதிப்பிக்கும் வேலையை வாரன் என்ற அமெரிக்கர் தொடங்கி, முடிக்காமலேயே 1899இல் இறந்துபோனார். அதைச் சரிபார்த்து முடிக்கத்தான் 1910இல் கோசாம்பியைக் கூப்பிட்டார்கள். பர்மிய, சிங்கள எழுத்துகளில் உள்ள பிரதிகளை ஒப்பிட்டு, பாடபேதம் பார்த்து, மேற்கோள் ஒவ்வொன்றும் பௌத்த மறையான திரிபிடகத்தில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடிக்க வேண்டும். கண்ணைக் கெடுக்கும் வேலை. வேலை முடியும் தறுவாயில், முகப்பில் யார் பெயர் எப்படி வருவது என்று ஹார்வர்ட் பேராசிரியர் லான்மனோடு தகராறு. செத்தவர் பெயர் பெரிதாக, உழைத்தவர் வெறும் உதவியாளராக. கோசாம்பி ஊருக்குத் திரும்பிவிட்டார்.

ஆனாலும் அதே வேலைக்காக மீண்டும் மீண்டும் ஹார்வர்ட் போனார். எனக்கு இது புரியவே இல்லை. நானாயிருந்தால் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்க மாட்டேன். நூல் அச்சாகி வந்தது 1950இல். வாரன் பதிப்பாசிரியர், கோசாம்பி திருத்தியவர். அதற்குள் அவர் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. நல்லவேளையாக அவர் அதற்காகக் காத்திருக்கவில்லை. 1940இலேயே பம்பாயில் தேவநாகரி எழுத்தில் தனியாக ஒரு பதிப்பைக் கொண்டுவந்துவிட்டார். என் அலமாரியில் இருப்பது அதுதான். பர்மிய எழுத்தோ ரோமன் எழுத்தோ பழகாத என்னைப் போன்றவர்களுக்கு அதுதான் வாசல்.

தமிழ்நாட்டோடு தொடர்பு உண்டா? (வாசகர், காஞ்சிபுரம்)

சிங்காரவேலரைப் பொதுவுடைமைக்காரராகத்தான் நமக்குத் தெரியும். அதற்கு முன் அவர் சென்னையில் மகாபோதி சங்கம் என்ற பௌத்த அமைப்பின் வேலைகளில் முன்னால் நின்றவர். இலங்கைக்கும் பர்மாவுக்கும் இடையே சென்னையில் தங்கிய கோசாம்பிக்கு அவர் உதவி கிடைத்தது.

உங்கள் ஊருக்கும் சேதி உண்டு. புத்தகோசர் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததை அவரது உரை ஒன்றின் முடிவுரையே சொல்கிறது. அவர் புத்தகயைப் பக்கத்துப் பிராமணர் என்ற இலங்கை வரலாற்றுக் கதையைக் கோசாம்பி ஏற்கவில்லை. வடநாட்டு விவரங்களில் புத்தகோசர் தடுமாறுவதைக் காட்டி, தெற்கத்தியவர், ஆந்திரப் பக்கம் என்று வாதிட்டார். எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு அந்த வாதம் பிடிக்கும்.

மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுப் போனவரைக் கொண்டாடுவது நியாயமா? (இல்லத்தரசி, மதுரை)

நியாயமில்லைதான். அவர் கிளம்பிய ஆண்டில்தான் மகள் மாணிக் பிறந்தாள். மனைவி பாலாபாய் ஏழு ஆண்டு காத்திருந்தார். 1906இல் அவர் திரும்பி வந்தபின்தான் குடும்பம் மீண்டும் தொடங்கியது. மறு ஆண்டு பிறந்தவர்தான் நம் டி. டி. கோசாம்பி. பிறகும் அமெரிக்கா, ரஷ்யா, உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை என்று மனிதர் வீட்டில் இருந்த நாள் குறைவு. அவரது படிப்புக்குப் பாலாபாய் கொடுத்த விலையை யாரும் முகப்பில் அச்சிடவில்லை.

காவியைக் கழற்றாமலே பேராசிரியராக இருக்க முடியாதா? (மாணவர், கோவை)

முடியும். இலங்கையின் வால்போல ராகுல தேரர் காவியோடுதான் 1964இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ஆனால் இது கோசாம்பிக்கு அரை நூற்றாண்டுக்குப் பிந்திய காலம்.

உண்ணாமல் இருந்து உயிர்விட்டாராமே? (பெயர் வேண்டாம் என்றவர்)

ஆம், 1947 ஜூனில், சேவாகிராமத்தில். உடல் ஓய்ந்துவிட்டது, இனி யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று முடிவெடுத்தார். காந்தி முதலில் தடுத்துப் பார்த்தார்.

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்? (பலர்)

அவர் எழுதிய புத்தர் வரலாறு 'பகவான் புத்தர்' தமிழில் வந்திருக்கிறது; நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். கிழவர், நோயாளி, பிணம் பார்த்துச் சித்தார்த்தர் வெளியேறினார் என்ற கதையை ஒதுக்கி, ரோகிணி ஆற்றுத் தண்ணீருக்காகச் சித்தார்த்தரின் குலமான சாக்கியரும் பக்கத்துக் குலமான கோலியரும் போட்ட சண்டையைக் காரணமாக வைக்கும் அத்தியாயத்தை முதலில் படியுங்கள். ஆங்கிலம் வருமென்றால் அவரது தன்வரலாறான 'நிவேதன்' பேத்தி மீரா கோசாம்பியின் மொழிபெயர்ப்பில் கிடைக்கும்.