விரலுக்குக் கூலி, கண்ணுக்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மாமியாருக்கு உடம்பு முடியாமல் போனபிறகு வேலையை விட்டேன். இரண்டு வருடமாக வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி செய்கிறேன். ஸ்கேன் செய்த ஃபார்ம்களைப் பார்த்து அடிக்க வேண்டும், ஃபார்முக்கு இவ்வளவு என்று கூலி. நேரம் என் கையில் இருப்பது நிம்மதி. ஆனால் ஒரு வாரம் வேலை கொட்டுகிறது, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை. க்யூசியில், அதாவது தரச் சோதனையில், திருப்பி அனுப்பியதை மறுபடி அடித்துக் கொடுத்தால் அதற்குக் காசு கிடையாது. வீட்டில் உள்ளவர்களுக்கு நான் சும்மா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவள். போதாதற்கு, ஏஐ வந்தால் முதலில் போகிற வேலை இதுதான் என்று தம்பி பயமுறுத்துகிறான். வருமானத்தைக் கூட்டலாமென்று இன்னொரு இடத்தில் விசாரித்தேன். நல்ல ரேட், ஆனால் முன்பணம் கட்டி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். இந்த வேலையைத் தொடரலாமா, விட்டுவிடலாமா?

ஒரு வாசகி
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள வாசகிக்கு,

கடைசியில் சொன்ன விஷயத்துக்கு முதலில் வந்துவிடுகிறேன், அதுதான் அவசரம். முன்பணம் கட்டாதீர்கள். கையெழுத்தும் வேண்டாம். பதிவுக் கட்டணம், டெபாசிட், மென்பொருளுக்கான தொகை என்று எந்தப் பெயரில் கேட்டாலும் சரி, வேலை தருகிறவர் நம்மிடம் காசு வாங்குகிறார் என்றால் அவருடைய வியாபாரமே அந்தக் காசுதான்.

ஒப்பந்தம் இன்னும் மோசம். இந்த மாதிரி ஒப்பந்தங்களில் '99 சதவீதம் துல்லியம்' என்பதுபோல ஒரு வரி இருக்கும். கேட்க எளிதாகத் தெரியும். ஒரு ஃபார்மில் 50 கட்டங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் நூற்றுக்கு 99 முறை சரியாக அடிக்கிற கெட்டிக்காரர் அடித்தால்கூட, பத்து ஃபார்மில் சுமார் ஆறுதான் முழுக்கச் சரியாக இருக்கும். 0.99-ஐ 50 தடவை பெருக்கிப் பாருங்கள், 0.605 வரும். முழுதும் சரியாக உள்ள ஃபார்ம் மட்டுமே கணக்கில் சேரும் என்று அடுத்த வரியில் எழுதிவிட்டால், யாருமே தேற முடியாது. கூலி இல்லை என்பதோடும் விட மாட்டார்கள். ஒப்பந்தத்தை மீறினீர்கள், நஷ்டஈடு கட்டுங்கள் என்று வக்கீல் பெயரில் ஒரு நோட்டீஸ் வரும். பயந்துபோய்க் கட்டுகிறவர்களை நம்பித்தான் இது நடக்கிறது. ஏற்கெனவே அப்படி ஒன்று கையில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறவர்கள், பணம் அனுப்புவதற்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டுங்கள்.

(கேப்சா அடித்துக் கொடுக்கும் வேலையையும் சிலர் கேட்பார்கள். வருவது மனிதனா எந்திரமா என்று பார்ப்பதற்காக வைத்ததுதான் கேப்சா. அதைக் கூலிக்கு ஆள் வைத்துத் தாண்ட வேண்டிய தேவை யாருக்கு இருக்கும்?)

சரி, இப்போதைய வேலைக்கு வருவோம். உங்களுக்குத் தெரிவது ஃபார்ம் கூலி. அதை மணிக் கூலியாக மாற்றிப் பார்த்திருக்கிறீர்களா? நிமிடத்துக்கு 40 வார்த்தை அடிப்பவர், வார்த்தைக்கு ஐந்து தட்டல் என்கிற வழக்கமான கணக்கில், மணிக்கு 12,000 தட்டல் அடிக்கிறார். வேலை விளம்பரங்களில் 8,000, 10,000 என்று கேட்பது இந்தக் கணக்கில்தான். ஆனால் கை நிற்காமல் ஓடினால்தான் அந்த எண். கோப்பு இறங்கும்வரை காத்திருப்பது, மங்கலான ஸ்கேனைப் பெரிதாக்கிப் பார்ப்பது, புரியாத கையெழுத்தைப் பற்றி சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டு பதில் வரும்வரை உட்கார்ந்திருப்பது, ரிஜெக்ட் ஆனதை மறுபடி அடிப்பது, எதுவும் அதில் சேரவில்லை. மாதச் சம்பளக்காரருக்கு இந்த நேரத்துக்கெல்லாம் காசு உண்டு. ஃபார்ம் கூலிக்கு வீட்டில் உட்கார்ந்தவருக்குக் கிடையாது. கரண்ட், இன்டர்நெட், நாற்காலி எல்லாம் நம் செலவு. இரண்டு வாரத்துக்கு உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம் இரண்டையும் ஒரு நோட்டில் குறித்து, வந்த காசை வகுத்துப் பாருங்கள். அந்த எண் தெரியாமல் தொடரலாமா, விடலாமா என்று நான் சொல்வது சரியாக இருக்காது.

நேரம் கையில் இருக்கிறது என்கிறீர்கள். ராத்திரி பேட்ச் அனுப்பி காலைக்குள் முடிக்கச் சொல்லும்போது அது யார் கையில் இருக்கிறது? ஆனாலும் நோயாளி கண்ணயரும் ஒரு மணி நேரத்தைக் காசாக்க முடிகிற வேலைகள் அதிகம் இல்லை. ஃபோனில் பேச வேண்டாம், கேமராவில் முகம் காட்ட வேண்டாம், பாதியில் எழுந்துபோய் வந்து விட்ட வரியிலிருந்து தொடரலாம். இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

எழுத்துக்கு வருவதற்கு முன்னால் நானும் கொஞ்ச காலம் சர்வே படிவங்களை அடித்துக் கொடுத்தவன். எங்கள் அறையில் ஒரு அக்கா இருந்தார். வேகத்தில் அவர் எங்கள் எல்லோருக்கும் பின்னால்தான். ஆனால் படிவத்தில் உள்ள மொத்தமும் நாங்கள் அடித்ததன் மொத்தமும் உதைத்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வித்தியாசத்தை முதலில் ஒன்பதால் வகுத்துப் பார்ப்பார். மீதியில்லாமல் வகுபட்டால், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்கும் என்று சந்தேகித்துத் தேடுவார். 72-ஐ 27 என்று அடித்தால் வித்தியாசம் 45, பாருங்கள். பல தடவை அங்கேதான் மாட்டும். வேகமாக அடித்த நாங்கள் மாறிக்கொண்டே இருந்தோம், அவரை மட்டும் விடவே இல்லை.

கூலி விரலுக்கு என்றாலும், இந்தத் தொழில் நம்பியிருப்பது கண்ணை. தகவலை அட்டையில் துளைகளாகப் பதிந்து கம்ப்யூட்டருக்குக் கொடுத்த துளை அட்டைக் காலத்திலேயே, ஒருவர் துளையிட்ட அட்டையை இன்னொருவர் வெரிஃபையர் என்ற தனி எந்திரத்தில் மறுபடி அடிப்பார். பொருந்தினால் அட்டையின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு விழும். இன்றும் மருத்துவ ஆய்வுகளில் ஒரே படிவத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடித்து ஒப்பிடும் வழக்கம் இருக்கிறது. எக்செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணாக அடித்தால் முன்னால் உள்ள பூஜ்யத்தைத் தின்றுவிடும், 15 இலக்கத்துக்கு மேல் போனால் மிச்சத்தைச் சத்தமில்லாமல் பூஜ்யமாக்கிவிடும். மரபணுப் பெயர்களைத் தேதியென்று நினைத்து அது மாற்றிக்கொண்டே இருந்ததில், 2020-இல் மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு அலுத்துப்போய்ச் சில பெயர்களையே மாற்றிவிட்டது! இதையெல்லாம் பார்த்தவுடன் பிடிக்கிற கண் உங்களுக்கு இரண்டு வருடத்தில் கொஞ்சமாவது வந்திருக்கும்.

தம்பி சொல்வதில் பாதி உண்மை. அச்சடித்த ஃபார்மை வாசிக்கும் வேலை பெருமளவு எந்திரத்திடம் போய்விட்டது, கையெழுத்தும் போய்க்கொண்டிருக்கிறது. எந்திரம் தனக்கே நிச்சயமில்லாத இடங்களைப் பிரித்து மனிதருக்குத் தள்ளும். இதில்தான் வம்பு. சுலபமான பக்கங்களை அது எடுத்துக்கொள்ள, கிறுக்கலும் கறையுமாக உள்ளவை மட்டும் நமக்கு வரும், ரேட் பழையதே இருக்கும். சமீபமாக உங்களுக்கு ரிஜெக்ட் கூடியிருந்தால் உங்கள் கையைச் சந்தேகிக்காதீர்கள், முதலில் வருகிற பக்கங்களைப் பாருங்கள்.

வீட்டாருக்கு இதையெல்லாம் விளக்கிப் பயன் இருக்கும் என்று தோன்றவில்லை. தினம் ஒரே நேரத்தில் இரண்டு மணி நேரம் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் மாமியாரைப் பார்ப்பது யார் என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். அப்புறம், மணிக்கட்டு வலியோ விரல் மரத்துப்போவதோ இருந்தால் தைலத்தோடு நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

இப்போது வேலை தருகிற இடத்தில் இரண்டு விஷயம் கேட்கலாம். ஸ்கேன் தெளிவில்லாததால் திரும்பி வந்த ஃபார்ம்களுக்குத் தனிக் கூலி. க்யூசி வேலையில் ஒரு வாய்ப்பு, முடிந்தால் மணிக் கணக்கில். வாயால் கேட்டால் பார்க்கலாம் என்பார்கள். கடந்த ஒரு மாத ரிஜெக்டுகளை ஒரு ஷீட்டில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்கள் பிழையா, ஸ்கேன் பிழையா, அவர்கள் சொன்ன விதியில் குழப்பமா என்று எழுதி அதையும் சேர்த்து அனுப்புங்கள். மறுத்தாலும் அந்த ஷீட்டை அழிக்க வேண்டாம். கணக்குப் பதிவு, மெய்ப்புப் பார்ப்பது என்று வேறு இடத்தில் கேட்கும்போது, ஊர், பெயர் விவரங்களை நீக்கிவிட்டு அதையே காட்டலாம்.

அன்புடன்