அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் (பெருங்குடலில் புண் வரும் நோய்) வந்த பிறகு கால்பந்து ஆட முடியுமா? அப்படி ஆடியவர்கள் யாராவது உண்டா?

உண்டு. இங்கிலாந்தின் பெரிய கிளப்பான மான்செஸ்டர் யுனைடெட் நடுக்களத்திலேயே ஒருவர் ஆடியிருக்கிறார். டேரன் ஃப்ளெட்சர், ஸ்காட்லாந்துக்காரர்.

மாவட்ட அணியில் ஆடுவதாகவும், கோலனோஸ்கோபி (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனை) ரிப்போர்ட் வந்ததிலிருந்து பயிற்சிக்குப் போவதில்லை என்றும், கோச்சிடம் 'வைரல் காய்ச்சல்' என்று சொல்லி வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். எனக்கும் இதே நோய்தான். நான் டாக்டர் இல்லை, மருந்து பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அதை எதிர்பார்ப்பவர்கள் அடுத்த பதிலுக்குப் போகலாம்.

ஃப்ளெட்சர் 1984-ல் எடின்பரோ பக்கம் டால்கீத்தில் பிறந்தவர். 2003 மார்ச்சில் யுனைடெடுக்கு முதல் ஆட்டம். அடுத்த வருடமே, இருபது வயதில், ஸ்காட்லாந்து அணிக்குத் தலைமை தாங்கினார். ஆனால் யுனைடெட் ரசிகர்கள் அவரைக் கொண்டாட ரொம்ப நாள் ஆனது. 2005 அக்டோபரில் மிடில்ஸ்பரோவிடம் 4-1 என்று உதை வாங்கிய பிறகு கேப்டன் ராய் கீன் கிளப்பின் சொந்த டிவிக்குக் கொடுத்த பேட்டியை ஒளிபரப்பவே இல்லை, அவ்வளவு சூடு. ஆனாலும் விஷயம் கசிந்தது. திட்டு வாங்கியவர்களில் ஃப்ளெட்சரும் ஒருவர். அடுத்த வாரம், லீக்கில் 40 ஆட்டங்களாகத் தோற்காத செல்சீ வந்தது. அன்றைக்கு விழுந்த ஒரே கோல் ஃப்ளெட்சர் தலையால் போட்டது. கீன் நவம்பரிலேயே கிளப்பை விட்டுப் போய்விட்டார்.

சம்பந்தமில்லாமல் ஒன்று சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2009 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் ஆர்சனலின் ஃபாப்ரிகாஸிடமிருந்து பந்தைச் சுத்தமாகத் தட்டிவிட்டதற்கு ஃப்ளெட்சருக்கு சிவப்பு அட்டை கொடுத்தார்கள். யுனைடெட் அப்போது 3-0 முன்னிலை. அந்தப் பந்தை விட்டிருந்தால்கூட ஒன்றும் ஆகியிருக்காது. ரீப்ளேயில் எல்லோரும் பார்த்தார்கள், ஆனால் அப்பீல் செய்ய விதியில் இடமில்லையாம். ரோம் இறுதியாட்டத்தை அவர் வெளியே இருந்து பார்த்தார். அவர் ஆடியிருந்தால் பார்சிலோனா அத்தனை சாவகாசமாகப் பந்து சுற்றியிருக்காது என்று இன்றும் வாதாடுவேன். ஆடியிருந்தாலும் தோற்றிருப்பார்கள் என்பவர்கள் கமெண்டில் வரவும்.

விஷயத்துக்கு வருகிறேன். 2011-ல் அவர் திடீரென்று அணியில் காணாமல் போனார். வெளியே சொன்ன காரணம் என்ன தெரியுமா? வைரஸ். உங்கள் 'வைரல் காய்ச்சல்' மாதிரியேதான். அந்த டிசம்பரில்தான் கிளப் உண்மையைச் சொன்னது: அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், காலவரையற்ற ஓய்வு. சில வருடங்களாகவே நோயை வெளியே தெரியாமல் வைத்துக்கொண்டு ஆடியிருக்கிறார். நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே பெருங்குடலின் உள்சுவரைப் புண்ணாக்கும் நோய் இது. ரத்தம் போகும், சோகை பிடிக்கும், 'அவசரம்' என்றால் அந்த நிமிடமே போயாக வேண்டும். அதோடு ஒருவர் தொண்ணூறு நிமிடம் ஓடியிருக்கிறார்.

மறைப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். கம்பெனி பஸ்ஸில் கதவுக்குப் பக்கத்து சீட்டுக்காக முதல் ஆளாகப் போய் நிற்பேன். வழியில் எந்த பெட்ரோல் பங்கில் கக்கூஸ் பூட்டியிருக்காது, எதில் சாவி கேட்டு வாங்க வேண்டும் என்பது மனப்பாடம். காலையில் எதுவும் சாப்பிடாமல் போவேன். அலுவலகத்தில் 'பைல்ஸ்' என்று சொல்லி வைத்திருந்தேன். அதற்கு ஆளாளுக்கு ஒரு வைத்தியம், கருணைக்கிழங்கு சாப்பிடு, மோர் குடி. ஒரு நாள் மேனேஜர் எல்லார் முன்னாலும், "சார் சீட்டைவிட ரெஸ்ட்ரூம்லதான் அதிகம் வேலை பார்க்கறார்" என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மதியம் அவர் கேபினுக்குப் போய் கோலனோஸ்கோபி ரிப்போர்ட்டை, அந்தச் சிவப்புப் படங்களோடு, சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். மூடியை மூடிவிட்டு உட்காரச் சொன்னார். சீட் மாறியது, வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை என்று ஆனது. உடனே நல்ல மனிதராகிவிட்டார் என்று சொல்ல மாட்டேன், அப்ரைசலில் வழக்கம்போலக் கைவைத்தார். ஆனால் நாள் முழுக்கப் பொய்யைக் காவல் காக்கும் வேலை எனக்குப் போனது.

எல்லோரும் சொல்லிவிட வேண்டும் என்று உபதேசிக்கவில்லை. சொன்னதால் வேலை போனவர்களும் இருப்பார்கள். ஃப்ளெட்சருக்குப் பெரிய கிளப், பெரிய டாக்டர்கள், உனக்கும் எனக்கும் யார் என்று கேட்பீர்கள். நியாயம்தான், என் இன்ஷூரன்ஸ்காரர்கள் இன்றுவரை இந்த நோய்க்கு நான் போடும் ஊசிக்குப் பணம் தரவில்லை, நான் ஆஸ்பத்திரியில் தங்கவில்லையாம். ஆனால் அவருக்கும் நேர்கோட்டில் குணமாகவில்லை. 2012 செப்டம்பரில் கலாட்டாசராய்க்கு எதிரான ஆட்டத்தில் திரும்ப வந்தார், 2013 ஜனவரியில் அறுவை சிகிச்சைக்குப் போய் மறுபடி காணாமல் போனார், அந்த டிசம்பரில்தான் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக மீண்டும் இறங்கினார். 2015-ல் வெஸ்ட் ப்ரோம்விச் ஆல்பியன் அவரைச் சேர்த்துக்கொண்டு கேப்டனாக்கியது. 2015-16 சீசனில் 38 லீக் ஆட்டம், முப்பத்தெட்டிலும் இருந்தார். ஸ்டோக் சிட்டியோடு முடித்துக்கொண்டு, 2021-ல் யுனைடெடிலேயே டெக்னிகல் டைரக்டர் ஆனார். ஸ்காட்லாந்துக்கு மொத்தம் 80 ஆட்டங்கள், அதில் சில அறுவைக்குப் பிறகு.

நீங்கள் அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, நோய் அடங்கியிருக்கும் காலத்தில் முழு ஆட்டம் ஆடலாமா, ஹீமோகுளோபின் எவ்வளவு இருந்தால் இறங்கலாம் என்று நேராகக் கேளுங்கள். ஸ்டீராய்டில் இருந்தால் எலும்பைப் பற்றியும் கேளுங்கள். கோச்சிடம் போவதாக இருந்தால் ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டு போங்கள், வாயால் சொன்னால் அவரும் கருணைக்கிழங்கு சொல்வார்.